இரட்டை நட்சத்திரத்துக்கு மாவாட்டிய அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

போன வாரம் பெங்களூரில் என் மானத்தோடு உங்கள் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டு வந்திருக்கிறேன்.

பாப்பாவின் ஆராய்ச்சிப் படிப்புக்குக் கடைசிப் பரீட்சை. எழுதுகிற பரீட்சை இல்லை, பெரியவர்கள் முன்னால் நின்று பேசுகிற பரீட்சை. வீட்டாரும் வந்து பின்வரிசையில் உட்காரலாம் என்றாள். நானும் என்னைக் கட்டிய உங்கள் கொழுந்தியாளும் போனோம். எனக்குத் தேய்த்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. வாயை மட்டும் திறந்துவிடாதீர்கள் என்று அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு படம் விழுந்தது. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்ன வட்டு. இரண்டையும் சேர்த்து வளைத்துக்கொண்டு வெளியே ஒரு பெரிய வட்டு. சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. மேலேயும் கீழேயும் பீய்ச்சியடிக்கிற தாரைகள். பாப்பா இங்கிலீஷில் ஏதோ சொல்லி நிறுத்தினாள். கூடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து என் வாய் திறந்துகொண்டது.

“மாவு தண்ணியாயிருச்சு” என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. ஆனால் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அண்ணாச்சி இது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது. உங்கள் கொழுந்தியாள் என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கன்றியிருக்கிறது. தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் பாப்பாவிடம் என்னவோ கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்து, கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

டீ குடிக்கும்போது அவளைக் கேட்டேன். “நீங்க சொன்னதத்தான் சொன்னேன்ப்பா. வட்டுல பிசுபிசுப்புப் பத்தலையோன்னு அப்பா சந்தேகப்படுறாகன்னு சொன்னேன். நியாயமான சந்தேகம்னாக” என்றாள். பியூசியில் கணக்கில் விழுந்து ஊர் திரும்பியவனுக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று யார் நினைத்தது?

அந்தப் படத்தைப் பார்த்ததும் ஊறிய உளுந்தின் வாசம் மூக்கில் ஏறிவிட்டது. நான் என்ன செய்வேன்? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு முன்னால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். பழியும் உங்கள் மேல் விழுந்திருக்கும். அந்த வசதி இப்போது இல்லை.

நம் இரண்டு பேரையும் பாளையம்பட்டியில் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். அக்காளைக் கட்டியவர் நீங்கள், தங்கையைக் கட்டியவன் நான். சகலைகள் சேர்ந்து தொழில் தொடங்கினால் அடுத்த தீபாவளிக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று நம் மாமனார் வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அதைப் பொய்யாக்க வேண்டும் என்பதற்காகவே பாதிச் சண்டையை நாம் விழுங்கினோம். எண்பதுகளின் தொடக்கத்தில் மாவு மில் போட்டோம். ஒரு பக்கம் மிளகாய் வத்தலும் மல்லியும் கம்பும் அரைபடும். இன்னொரு பக்கம் ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் இட்லி மாவு ஆட்டிக் கொடுப்போம். மோட்டார் உங்கள் பொறுப்பு, வருகிறவர்களோடு பேசுவது என் பொறுப்பு. எட்டாவதோடு நின்ற நீங்கள் எனக்கு ‘படிச்ச முதலாளி’ என்று பட்டம் வைத்தீர்கள். அது மதிப்பா கேலியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

மில்லுக்குப் பூசை போட்ட அன்றுதான் அந்த ஒப்பந்தத்தை நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மூத்தவன் எப்படியும் கலெக்டர் ஆகிவிடுவான் என்று பூசைக்கு வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கலெக்டர் அந்த நேரம் வாசலில் ஒரு பழைய டிராக்டர் டயரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. என் மகள் பாடினால் ஊரே நிற்கும் என்று அதே ஆளிடம் அளந்துகொண்டிருந்தேன். அவள் பாடினால் ஊர் நிற்காது, ஓடும். வந்தவர் போனதும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

“ஏலே, நம்ம பிள்ளைக விஷயத்துல நமக்குக் கண்ணு தெரியாது. எம் பிள்ளைக்கு நீ முடிவு சொல்லு. உம் பிள்ளைக்கு நான் சொல்றேன். சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு கிடையாது.”

விளையாட்டுக்குச் சொன்னீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மூத்தவன் பத்தாவது முடித்து லாரிக்குப் போகிறேன் என்று நின்றபோதுதான் தெரிந்தது. நீங்கள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினீர்கள். கலெக்டர் கனவு உங்கள் முகத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் பையனை மட்டும் பார்த்தேன். ஓட்டட்டும் என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி பேசாததுதான் கஷ்டமாகிவிட்டது. அந்த மாதம் முழுக்க உங்கள் வீட்டில் சாப்பிட்டபோதெல்லாம் என் இலையில் விழுந்த சாம்பாருக்கு மட்டும் உப்பு இல்லை. இன்று அவன் சொந்த லாரியில் ரெட்டியபட்டிப் பஞ்சை ஏற்றிக்கொண்டு போகும்போது மில் வாசலில் ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகிறான். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்புறம் என் பாப்பாவின் முறை வந்தது.

அது தொடங்கியது ஒரு பொங்கல் லீவில். மதுரையில் எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு மாவு இடிக்க வந்த கூட்டம் தெருவரை நின்றபோது கரண்டு போனது. பொழுது அப்போதுதான் இருட்டியிருந்தது. புழுதியிலிருந்து தப்பிக்க மூன்று பேரும் மில் மொட்டை மாடிக்கு ஏறினோம். தலையெல்லாம் அரிசி மாவு. ஊர் முழுக்க விளக்கு அணைந்ததில் வானம் கீழே இறங்கி வந்த மாதிரி இருந்தது.

அவள் கிழக்கே கையை நீட்டினாள். வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் மங்கலாகப் புகை மாதிரித் தெரிகிறதா, நட்சத்திரங்கள் பிறக்கிற இடம் அது என்றாள்.

“பிரசவ ஆஸ்பத்திரியா?” என்றீர்கள்.

“அப்படித்தான் பெரியப்பா.”

“ஒத்தப் பிள்ளையாப் பிறக்குமா, ரெட்டைப் பிள்ளையா?”

அவள் உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைத்தான் தான் படிக்க நினைப்பதாகச் சொன்னாள். பாதிக்கு மேலே இரட்டையாகவோ மூன்றாகவோதான் பிறக்கின்றனவாம். ஒரே மேகம் சுருங்கும். சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழலும். சுழல்கிற வேகத்தில் தட்டையாகி வட்டாகப் படியும். அந்த வட்டிலிருந்துதான் குட்டி நட்சத்திரங்கள் தின்று வளர்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் விழுங்க முடியாது. ஒரு பங்கை மேலும் கீழும் தாரையாக வெளியே வீசிவிடும். நம் சூரியன் மட்டும் துணையில்லாமல் ஒற்றையாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

“ஒத்தையா வளந்த பிள்ளை. அந்த வீம்புலதான் நம்ம ஊருல வந்து இந்தக் காய்ச்சல் காயுது” என்றீர்கள்.

கரண்டு வந்ததும் கீழே இறங்கினோம். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆனி மாதம் இரண்டு செய்தி ஒரே வாரத்தில் வந்தன. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஐந்து வருடம் போல ஆகும். அங்கேயே தங்க வேண்டும். குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இன்னொன்று திருச்சுழியிலிருந்து வந்த சம்பந்தம். பையனுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடி பிறக்குமுன் பேசி முடிக்க வேண்டும் என்றார்கள். ஒன்றுக்குத் தலையாட்டினால் மற்றது கைநழுவும்.

நான் நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, இனி இதில் நான் வாய் திறக்கக் கூடாது என்று ஒரே வரியில் என்னை ஓரம் கட்டினீர்கள். அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றி மட்டும் பேசினீர்கள்.

அந்த நாட்களில் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. இல்லை, தெரிந்துதான் ரசித்திருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே முடிவைப் படித்துவிடலாம் என்று முயற்சி செய்தேன். உங்கள் முகத்தில் மிளகாய்த் தூள் தவிர வேறெதுவும் தெரியவில்லை. டீக்கடையில் உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் டீ சொன்னேன். குடித்துவிட்டு, லஞ்சம் நல்லாயிருக்கு என்றீர்கள். வீட்டில் உங்கள் கொழுந்தியாள் தினமும், அண்ணாச்சி என்ன சொன்னாக என்பாள். பெல்ட்டு தேஞ்சிருச்சாம் என்பேன்.

இதற்கு நடுவில் ஊருக்கு வேறு மாதிரிச் செய்தி போய்விட்டது. மில்காரர் மகள் பெங்களூரில் நட்சத்திரம் பார்க்கப் படிக்கப்போகிறாள் என்றதும், ரெட்டியபட்டியிலிருந்து ஓர் அம்மா வத்தல் பையோடு தன் மகன் ஜாதகத்தையும் கொண்டுவந்து வைத்தார். நான் விளக்கப் போனால் இன்னும் குழம்பும் என்று பேசாமல் இருந்தேன். நீங்கள்தான் வந்தீர்கள். அம்மா, எங்கள் பாப்பா பார்க்கப்போவதெல்லாம் இப்போதுதான் பிறந்த நட்சத்திரங்கள். உங்கள் மகனுடையது ரொம்பப் பழசு, அதைப் பார்க்க வேறு ஆள்தான் வேண்டும் என்று பணிவாகச் சொன்னீர்கள். அந்த அம்மா அதை ஒப்புக்கொண்டு, வத்தலை மட்டும் அரைத்துக்கொண்டு போனார்.

பாப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மில்லுக்கு வந்து மல்லித் தூள் சலித்துக் கொடுத்தாள். சல்லடை பிடித்த கை வழக்கத்தைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. தன் ஐந்து வருடம் பெரியப்பாவின் வாயில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தெரியாத மாதிரி நடப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் அந்தப் புதுக் கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். ஒரே உரலுக்குள் இரண்டு குழவி. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் இல்லாத நேரம், நீங்கள் பாப்பாவைக் கூப்பிட்டீர்கள். மதினியும் உங்கள் கொழுந்தியாளும் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

“நீ போயி என்னத்தப் பாக்கப் போறன்னு எனக்குக் காட்டு. அன்னைக்கு மாடியில காட்டுனேல்ல, அதை இன்னைக்குப் பொழுது சாயவும் காட்டு.”

“இப்பத் தெரியாது பெரியப்பா. சூரியனோட சேந்து போயிருச்சு. மார்கழி ஆகும்.”

“போகப் போற கடையே இப்ப அடைச்சுக் கெடக்கா?” என்று என்னைப் பார்த்தீர்கள்.

அவள்தான் சட்டென்று கிரைண்டரைக் காட்டினாள். இதில் காட்டட்டுமா என்று கேட்டாள். உளுந்து ஏற்கெனவே பாதி ஆடியிருந்தது. மூடியைத் தூக்கினாள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை மாவின் மேல் தூவினாள். நாம் நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் கோடு கோடாகப் பிரிந்து ஓடியது. உரலின் ஓரத்தை ஒட்டி ஒரு பெரிய வளையம். குழவி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்னச் சுழல். நடுவில் மாவு விலகி வெறுமையாக ஓர் இடம். வெளி வளையத்திலிருந்து மெல்லிய இழை ஒன்று அந்த வெறுமையைத் தாண்டி உள்ளே வந்து குழவியைச் சேர்ந்தது.

“அந்த இழை இருக்குல்ல பெரியப்பா, அதுதான் சாப்பாடு. பெரிய வட்டுல இருந்து அப்படித்தான் ரெண்டு குட்டிக்கும் போகும். எந்தக் குட்டிக்கு எவ்வளவு போகுதுங்கிறதுதான் கேள்வி.”

இதில் உரல் சுற்றுகிறது, குழவி நிற்கிறது. அங்கே இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் என்று வித்தியாசத்தையும் சொன்னாள். நீங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, தாரை எங்கே என்று கேட்டீர்கள். மேலே பீய்ச்சியடிக்கும் என்றாயே, அது எங்கே? அது இதில் வராது என்றாள். வரவைப்போம் என்றீர்கள். தண்ணீர் ஊற்றச் சொல்லி எனக்குக் கண் காட்டினீர்கள். நான் செம்புத் தண்ணீரை அப்படியே சரித்தேன். இரண்டு குழவிக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் மாவோடு கிளம்பி என் மூக்கிலும் நெற்றியிலும் சட்டைப் பையிலும் வந்து சேர்ந்தது. கொஞ்சம் விட்டத்துக்கும் போனது.

நீங்கள் உரலுக்குள் எட்டிப் பார்த்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “மாவு தண்ணியாயிருச்சு” என்றீர்கள்.

பெண்கள் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாப்பாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அது இதில்ல பெரியப்பா. அங்க காந்தம் மாதிரி ஒரு விசை பிடிச்சு, முறுக்கி, மேல தூக்கி வீசும்.”

“அப்ப உங்கப்பன் மூஞ்சில வீசுனது?”

“அது வெறும் தண்ணி.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான், நீங்கள் மோட்டாரை நிறுத்தாமலே கேட்டீர்கள். கோயம்புத்தூரில் மூன்று குழவி வைத்தும் ஒன்று பார்த்தேன், மேலே மூன்று பிறந்தால் என்ன ஆகும் என்றீர்கள்.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“மூணு நெருக்கமா இருந்தா ரொம்ப நாளு நெலைக்காது பெரியப்பா. ரெண்டு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும். எடை குறைஞ்ச மூணாவத வெளிய வீசிரும்.”

“எங்க?”

“தூரமா. சிலது எப்பவாவது சுத்தித் திரும்பி வரும். சிலது வராது.”

துடைத்துக்கொண்டிருந்த துண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. உங்கள் கொழுந்தியாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். மஞ்சள் கலந்த மாவு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எடை குறைந்தது யார், வீசப்போவது யார் என்று அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் உரலோரம் ஒட்டிய மாவை விரலால் வழித்தீர்கள். “வெறுங்கையோடயா போகும்?” என்று கேட்டீர்கள்.

“இல்ல பெரியப்பா. தன்னைச் சுத்தியிருக்கிற வட்டு மொத்தமும் வராது, வெளி ஓரம் பிஞ்சிரும். ஆனா உள்பக்கத்துத் தூசியில கொஞ்சத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகும். அந்தத் தூசியில இருந்தே அதுக்குன்னு பின்னால கிரகம்கூட உண்டாகலாம்.”

“இங்க இருந்து கொண்டுபோன தூசியிலயா?”

“இங்க இருந்து கொண்டுபோன தூசியிலதான்.”

நீங்கள் சுவிட்சை அணைத்தீர்கள். சத்தம் நின்றதும் மில்லே பெரிதாகிவிட்டது போல இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். “அனுப்பிருவம்லே.”

அவ்வளவுதான். பாப்பா சல்லடையை எடுத்து மறுபடி சலிக்க ஆரம்பித்தாள். அதில் மல்லித் தூள் எதுவும் இல்லை என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

சாயங்காலம் டீக்கடையில் கேட்டேன், நட்சத்திரக் கதையை வைத்தா அண்ணாச்சி முடிவு செய்தீர்கள் என்று. நட்சத்திரம் யாருக்குப் புரிந்தது என்றீர்கள். பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: “திருச்சுழி மாப்பிள்ளை போட்டோவக் காட்டுனப்ப அவ தரையப் பாத்தா. இதச் சொல்லும்போது என் கண்ணப் பாத்துச் சொன்னா. எனக்கு அது போதும்லே.”

திருச்சுழிக்கும் நீங்களே போனீர்கள். ஒப்பந்தத்தில் இதுவும் அடக்கம் என்றீர்கள். காலை பஸ்ஸில் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தீர்கள். சண்டையாகிவிட்டதோ என்று வாசலிலேயே நின்ற என்னிடம், விளக்கிக்கொண்டிருந்ததில் இரண்டு பஸ் போய்விட்டது என்றீர்கள். பையனின் அப்பா, அப்படி என்னதான் படிக்கப் போகிறாள் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் டிபன் தட்டிலிருந்த சாம்பாருக்குள் இரண்டு வடையைப் போட்டுக் கரண்டியால் சுழற்றிக் காட்டியிருக்கிறீர்கள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, பிள்ளை நல்லா வரட்டும், நீங்க வடைய ஊற விடாமச் சாப்பிடுங்க என்றாராம். பெரிய மனுஷர். மறு வருடம் அந்தப் பையன் கல்யாணத்துக்கு நாம் இரண்டு பேரும்தான் போனோம். பந்தியில் வடையைப் பார்த்ததும் அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாசி மாதக் காலையில் மில்லுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். பாப்பா மறுநாள் வந்து சேர்ந்தாள். உங்கள் மூத்தவன் லாரியை வேலூர் பக்கத்தில் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தான். அதைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதத்தின் தொனி கெட்டுவிடும். மூக்குச் சிந்துகிற கடிதம் உங்களுக்குப் பிடிக்காது.

பெங்களூரில் அவள் பேசியதில் கடைசிப் பகுதியைப் பிறகு தமிழில் எனக்குச் சொன்னாள். அவள் பார்த்த ஓர் இளம் இரட்டையின் தாரை நேராகப் போகவில்லையாம். இந்தப் பக்கம் கொஞ்சம் வளைந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் வளைந்து, நெளிந்து போகிறதாம். தெரிகிற இரண்டை வைத்து மட்டும் அந்த நெளிவைக் கணக்கிட முடியவில்லை. பக்கத்தில் கண்ணுக்குப் படாத மூன்றாவது ஒன்று இருந்து இழுத்தால்தான் கணக்குச் சரியாகிறது. அது இருக்கிறது என்பதுதான் அவள் வாதம். பெரியவர்கள் ஒப்புக்கொண்டு, கைகுலுக்கி, டாக்டர் என்று கூப்பிட்டார்கள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு எந்த டாக்டர் என்று கேட்டேன். அடுத்த கிள்ளு விழுந்தது.

கண்ணுக்குப் படாமல் இழுக்கிற ஆளைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் அண்ணாச்சி. மில்லில் புது மோட்டார் வாங்கலாம் என்று நான் ஒரு நேர்கோட்டில் கிளம்பினால், கடைவாசல் போவதற்குள் உங்கள் பக்கம் வளைந்து, பழைய மோட்டாருக்கே கம்பி சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்போது அவள் அடுத்ததாகக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்கிறாள். அங்கே பெரிய தொலைநோக்கி இருக்கிறதாம், அந்த மூன்றாவதை நேராகப் பார்த்துவிடலாமாம். என்னப்பா சொல்றீங்க என்று கேட்டாள். ஒப்பந்தப்படி நான் பேசக் கூடாது. பேச வேண்டியவர் இல்லை. நான் உங்களை மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுப்பிருவம்லே என்று சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுத நினைத்தது இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் முதன்முதலாக பெங்களூருக்குக் கிளம்பிய நாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றோம். நீங்களே அரைத்துக் கட்டிய பொட்டலங்கள் ஒரு பை நிறைய இருந்தன. மிளகாய்த் தூள், மல்லித் தூள், இட்லிப் பொடி, சுக்குப் பொடி. தூசி கொண்டுபோக வேண்டும் என்று அவள்தானே சொன்னாள் என்றீர்கள். பையை மேலே வைத்த கண்டக்டர் தும்மிய தும்மலில் முன்சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. உங்கள் கொழுந்தியாள் அழுதாள். மிளகாய்த் தூள் காட்டமாம்.

பஸ் நகரத் தொடங்கியபோது அவள் ஜன்னல் வழியாக என்னைக் கிட்டே வரச்சொல்லிக் காதில் ஒன்று சொன்னாள். டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தார். நீங்கள் தள்ளி நின்றீர்கள், கேட்கவில்லை. பஸ் போய், புழுதி அடங்கியதும் கேட்டீர்கள்.

“பாப்பா என்னலே சொன்னா?”

“ஜன்னலோரம் காத்து நல்லா வருதாம்.”

“இதச் சொல்லவா கூப்பிட்டா?” என்று தலையில் அடித்துக்கொண்டு நடந்தீர்கள். நானும் பக்கத்தில் நடந்தேன். உங்கள் கொழுந்தியாளை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம், அன்று ஏனோ பாளையம்பட்டி வரை நாம் ஏறவில்லை. வழி முழுக்க அது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நீங்கள் கேலி செய்வீர்கள், இல்லாவிட்டால் நான் நடுரோட்டில் மூக்குச் சிந்துவேன். இரண்டில் எதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

அவள் சொன்னது இதுதான்: “மூணாவது வெளிய போன பிறகு, மிச்சம் இருக்கிற ரெண்டும் முன்னைவிட நெருங்கி வந்துரும்ப்பா. பெரியப்பாகிட்ட சொல்லிருங்க.”